சிறிய ஆலை, மலிந்த பங்கு: ஆபத்துக்குக் கூலி யாருக்கு?

இராஜபாளையத்தில் ஆலைச் சங்கு ஊதுகிறது. காலை ஷிப்டுக்காரர்கள் உள்ளே போகிறார்கள். இரவெல்லாம் கதிர்களுக்கிடையே நடந்து நடந்து, அறுந்த இழையை முடிந்து முடிந்து ஓய்ந்தவர்கள், தலையிலும் புருவத்திலும் பஞ்சு படிந்திருக்க வெளியே வருகிறார்கள்.

காலை மணி ஒன்பதே காலுக்கு மும்பையில் பங்குச் சந்தை திறக்கிறது. அங்கே பஞ்சு இல்லை, கதிர் இல்லை, அறுந்த இழையை முடிவாரும் இல்லை. ஆயினும் இங்கே ஓடும் ஆலைக்கு அங்கே ஒரு விலை எழுதப்படுகிறது! அந்த விலை எப்படிப் பிறக்கிறது? அதனால் வரும் ஆதாயம் யாருக்கு? ஆபத்து யாருக்கு? ஆலையில் உழைப்பவன் இதை அறிந்துகொள்ள வேண்டாமா என்று நாம் கேட்கிறோம்.

“ஷேர் மார்க்கெட் என்பது பணமுள்ளவன் விவகாரம், அன்றாடம் உழைத்து உண்பவனுக்கு அது எதற்கு?” என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்கு 2015ஆம் ஆண்டோடு இடமில்லாமற் போய்விட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் முதல், தொழிலாளியின் சேமநிதியில் புதிதாகச் சேரும் பணத்தில் ஒரு பகுதி பங்குச் சந்தைக்குப் போகத் தொடங்கிற்று. முதலில் நூற்றுக்கு 5, 2016இல் 10, 2017இல் 15. நாம் சந்தைக்குப் போகவில்லை. நம் பணம் போய்விட்டது! இனி அதன் போக்கு நமக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

ஆலையும் அதன் பெட்டியும்

நம் ஊர்க் கதையிலிருந்தே தொடங்குவோம். பி. ஏ. சி. இராமசாமி ராஜா அவர்களால் 1936இல் தோற்றுவிக்கப்பட்டது இராஜபாளையம் மில்ஸ். பின்னர் 1957இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் பதிவாயிற்று; விருதுநகரை அடுத்த இராமசாமிராஜா நகரில் அதன் ஆலை எழுந்தது. 2013இல் அது ராம்கோ சிமெண்ட்ஸ் என்று பெயர் மாறிற்று. இன்று நாட்டின் பெயர்பெற்ற சிமெண்டுக் கம்பெனிகளில் அதுவும் ஒன்று. நூல் நூற்ற ஊர் சிமெண்டும் செய்தது. இது நம் வட்டாரத்தின் வரலாறு.

இந்த நூற்பாலை, அந்தச் சிமெண்டுக் கம்பெனியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கைத் தன் கைவசம் வைத்திருக்கிறது. இரண்டின் பங்குகளும் சந்தையில் விலை போகின்றன. அண்மை ஆண்டுகளின் விலையை எடுத்துக் கணக்கிட்டால், ஆலையிடம் இருக்கும் சிமெண்டுப் பங்குகள் மட்டுமே, ஆலை முழுவதற்கும் சந்தை தரும் மதிப்பைப்போல் இரு மடங்குக்கு மேல் பெறும்.

கணக்கை நிறுத்திச் சற்று சிந்தியுங்கள். ஒருவர் தம் வீட்டை விற்கிறார். வீட்டுக்குள் ஒரு பெட்டி. பெட்டியில் பத்துப் பவுன் நகை. வீட்டையும் மனையையும் பெட்டியையும் சேர்த்து ஐந்து பவுனுக்கும் குறைந்த விலைக்குக் கேட்கிறார்கள்! மனைக்கு மதிப்பில்லையா? சுவருக்கு மதிப்பில்லையா? கதிருக்கும் தறிக்கும் கட்டடத்துக்கும் மதிப்பே இல்லையா? சந்தைக்குக் கண் குருடா?

சந்தை குருடு என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் பெட்டியின் பூட்டைப் பார்க்க வேண்டும். அந்தச் சிமெண்டுப் பங்குகள் விற்பதற்காக வைத்தவை அல்ல. ஒரு கம்பெனியின் பிடி மற்றொரு கம்பெனியில் தளராமல் இருப்பதற்காக வைத்தவை. ஆலையில் நூறு பங்கு வாங்கிய ஒருவர், “பெட்டியைத் திறந்து என் பங்கைக் கொடு” என்று கேட்க முடியாது. இது சட்டத்துக்கு உட்பட்ட ஏற்பாடே; இந்த ஒரு குழுமத்தில் மட்டும் காணப்படுவதும் அன்று. நாடெங்கும் பெரிய தொழிற்குடும்பங்களின் கம்பெனிகள் இப்படியே ஒன்றை ஒன்று பற்றி நிற்கின்றன. திறக்க முடியாத பெட்டிக்குச் சந்தை முழு விலை தருவதில்லை, அவ்வளவே.

அறிஞர்கள் கண்ட இரண்டு செய்திகள்

இப்படி, உள்ளிருக்கும் சொத்தை நோக்க விலை மலிந்து கிடக்கும் பங்குகளைப் பற்றி உலகில் நெடுநாளாக ஆராய்ந்து வருகிறார்கள். 1934இலேயே அமெரிக்காவில் பெஞ்சமின் கிரகாம், டேவிட் டாட் என்ற இருவர், சொத்தையும் இலாபத்தையும் எடைபோட்டு மலிந்ததை வாங்கும் முறையை நூலாக எழுதினர். 1977இல் சஞ்சய் பாசு என்னும் ஆராய்ச்சியாளர், 1957 முதல் 1971 வரையிலான நியூயார்க் சந்தைக் கணக்கை எடுத்துச் சோதித்தார். இலாபத்தை நோக்க விலை குறைந்த பங்குகள், விலை மிகுந்த பங்குகளைவிடக் கூடுதல் ஆதாயம் தந்திருக்கக் கண்டார். 1981இல் ரோல்ஃப் பான்ஸ் என்பவர் 1936 முதல் 1975 வரையிலான கணக்கை ஆராய்ந்து, சிறிய கம்பெனிகளின் பங்குகள் பெரியவற்றைவிட அதிகம் ஈட்டின என்றார். 1992இல் ஃபாமா, பிரெஞ்சு என்ற இரு பேராசிரியர்கள் இவ்விரண்டு செய்திகளையும் இணைத்து நிலைநாட்டினர்.

ஆக, செய்தி இரண்டு. சொத்தை நோக்க மலிந்தது மிகுதியாக ஈட்டும் என்பது ஒன்று. உருவில் சிறியது மிகுதியாக ஈட்டும் என்பது மற்றொன்று.

இது பணக்கார நாடுகளுக்கு மட்டும் உரிய கதையா? நம்மைப் போன்ற நாடுகளின் சந்தைகளை “வளரும் சந்தைகள்” என்று 1981 முதல் அழைக்கத் தொடங்கினர். 1999இல் ரூவன்ஹார்ஸ்ட் என்பவர் இந்தியா உள்ளிட்ட 20 நாடுகளில் 1,700க்கு மேற்பட்ட கம்பெனிகளை ஆராய்ந்தார்; அங்கும் சிறியவையும் மலிந்தவையும் மிகுதியாக ஈட்டியிருந்தன. ஆனால் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் உலக வங்கிக்காக ஆராய்ந்தவர்களோ, வளரும் நாடுகள் பலவற்றில் அமெரிக்காவில் கண்டதற்கு நேர்மாறாகக் கண்டோம் என்று எழுதியிருந்தனர். அமெரிக்காவிலேயே, 1981க்குப் பின் சிறிய கம்பெனிகளின் அந்த மேன்மை பெரிதும் மங்கிற்று. ஆகவே இதை வேதவாக்காகக் கொள்ளுதல் வேண்டா. நீண்ட காலத்தில், பல நாடுகளில் காணப்பட்ட ஒரு போக்கு. அதிலும் மலிந்ததன் போக்கு வலுவானது, சிறியதன் போக்கு நலிவானது. நாம் இவ்வளவே சொல்லலாம்.

கடைமடைக் கணக்கு

ஏன் இப்படி? இதற்கு விடை காண மும்பைக்குப் போகவேண்டாம். இராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி அரைமணியில் திருவில்லிபுத்தூர் போய், கண்மாய்ப் பாசனத்தில் உழும் ஒரு விவசாயியைக் கேளுங்கள். தலைமடை நிலம் என்ன விலை, கடைமடை நிலம் என்ன விலை என்று கேளுங்கள்.

கணக்குக்காக வைத்துக்கொள்வோம். தலைமடையில் ஏக்கர் 10 இலட்சம். கடைமடையில் 4 இலட்சம். மழை பெய்த ஆண்டில் தலைமடைக்காரருக்கு மிச்சம் 40,000, கடைமடைக்காரருக்கு 30,000. மழை பொய்த்த ஆண்டிலோ, தலைமடைக்குக் கொஞ்சம் தண்ணீர் வரும், 25,000 தேறும். கடைமடை காய்ந்துவிடும், விதைத்த செலவு 10,000 போயிற்று. மூன்றாண்டில் இரண்டு நல்ல ஆண்டு, ஒன்று பஞ்ச ஆண்டு என்றால், தலைமடைக்காரர் போட்ட ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் கிடைத்தது 10 ரூபாய் 50 காசு. கடைமடைக்காரருக்குக் கிடைத்தது 12 ரூபாய் 50 காசு.

பார்த்தீர்களா? கடைமடை நிலம் ஆதாயமானது. ஆனால் யாருக்கு? பஞ்ச ஆண்டைத் தாங்கிக்கொள்ளக் கையில் வேறு பணம் உள்ளவருக்கு! அந்தக் கூடுதல் இரண்டு ரூபாய், காய்ச்சலைத் தாங்கியதற்குக் கிடைத்த கூலி. தாங்க முடியாதவர் அந்தப் பஞ்ச ஆண்டிலேயே நிலத்தை விற்றுவிட்டுப் போய்விடுவார். மறு மழையின் ஆதாயம் வாங்கியவருக்குச் சேரும்.

சிறிய கம்பெனி என்பது கடைமடை. மலிந்த பங்கு என்பது கடைமடை. வங்கிக் கடன் என்னும் தண்ணீர் பெரியவர்களுக்குப் பாய்ந்த பிறகே சிறியவர்களுக்கு வருகிறது. வற்றும்போது முதலில் இங்கேதான் வற்றுகிறது. வாங்குவாரும் விற்பாரும் குறைவாதலால், விற்க விரும்பும் நாளில் நல்ல விலை கிட்டுவதில்லை. சென்னைப் பங்குச் சந்தை 1920இல் தோன்றி 2015இல் மூடப்பட்டது. கோயம்புத்தூர்ச் சந்தை 2013இலேயே மூடப்பட்டது. அவற்றில் மட்டுமே பதிவாகியிருந்த சிறு கம்பெனிகளின் பங்கை வைத்திருந்தவர்கள் விற்க இடமின்றித் தவித்தனர்.

அதோடு, மந்த காலத்தில் கதிரையும் கட்டடத்தையும் விற்றுச் சுமையைக் குறைக்க ஆலையால் முடியாது. இரும்பு அப்படியே நிற்கும், வட்டி மட்டும் ஓடும். இத்தனைக்கும் ஈடாகத்தான் சந்தை விலையைக் குறைத்துக் கேட்கிறது. மக்கள் நேற்றைய நட்டத்தைக் கண்டு நாளையும் நட்டமே என்று அஞ்சி, தேவைக்கு மேல் விலையைத் தாழ்த்திவிடுகிறார்கள் என்று 1994இல் வேறு சில அறிஞர்கள் விளக்கினர். இரண்டிலும் உண்மை உண்டு என்பதே நம் கருத்து.

ஆபத்து என்பது ஏட்டுச் சொல்லா? 2018 ஜனவரியிலிருந்து 2020 மார்ச்சு வரை, நம் நாட்டுச் சிறு கம்பெனிப் பங்குகளின் குறியீட்டெண் பாதிக்கு மேல் விழுந்தது. பெரிய கம்பெனிகளின் வீழ்ச்சி அதைவிட மிகக் குறைவு. அதன்பின் சிறியவை பல மடங்கு ஏறின. ஏறியதைச் சொல்லி ஆள் சேர்ப்பவர், விழுந்ததைச் சொல்வதில்லை.

தொழிலாளியின் பங்கு எங்கே?

தோழர்களே, நாம் சொல்ல வந்த இடத்துக்கு இப்போது வந்துவிட்டோம்.

கடைமடை நிலத்தை வாங்கியவருக்கு நூற்றுக்கு இரண்டு கூடுதல். அந்த நிலத்தில் நாற்று நட்ட கூலியாளுக்கு என்ன கூடுதல்? தலைமடையில் நட்டாலும் கடைமடையில் நட்டாலும் கூலி ஒன்றுதான். ஆனால் பஞ்ச ஆண்டில் தலைமடையில் வேலை உண்டு. கடைமடையில் வேலையே இல்லை!

ஆலையிலும் இதுவே நீதி! 2022 மே மாதம் பருத்தி விலை கண்டிக்கு, அதாவது 356 கிலோவுக்கு, ஒரு இலட்சம் ரூபாயைத் தாண்டிற்று. பஞ்சை இருப்பு வைக்கப் பணமுள்ள பெரிய ஆலை தாங்கிற்று. சிறிய ஆலை தள்ளாடிற்று. 2023 ஜூலையில் தமிழகத்தின் சிறு, நடுத்தர நூற்பாலைகள் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தன. பங்குதாரருக்கு அந்நாள் ஒரு மோசமான ஆண்டின் பகுதி. பொறுத்திருந்தால் விலை ஏறும். தொழிலாளிக்கு? அடுப்பு பொறுத்திருக்குமா? பள்ளிக்கூடச் சம்பளம் பொறுத்திருக்குமா? வட்டிக்கடைக்காரர் பொறுத்திருப்பாரா?

ஒரே ஆலை; ஒரே ஆபத்து. பங்குதாரருக்கு ஆபத்தைத் தாங்கியதற்குக் கூலி உண்டென்று பேராசிரியர்கள் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். அவரோ பத்துக் கம்பெனியில் பங்கு வைத்திருப்பார். ஒன்று மூடினால் ஒன்பது இருக்கும். தொழிலாளிக்கு இருப்பது ஒரே ஆலை. முழு ஆபத்தையும் சுமப்பவனுக்குக் கூடுதல் கூலி இல்லை. பல இடங்களில் பெரிய ஆலையைவிடக் குறைந்த கூலி! இந்த நூற்றாண்டின் பங்குச் சந்தைச் சாத்திரம் எழுதாது விட்ட ஏடு இதுதான்.

என்ன செய்வது?

முதலாவது: உன் ஆலையின் பங்கையே உன் சேமிப்பைக் கொட்டி வாங்காதே. “நம் ஆலைதானே, மலிவாகக் கிடைக்கிறதே” என்று தோன்றும். ஆலை படுத்தால் வேலையும் போகும், சேமிப்பும் அன்றைக்கே போகும். ஒரே கிளையில் தூளியும் கட்டி, உறியும் கட்டலாமா? சிறியதும் மலிந்ததும் மிகுதியாக ஈட்டும் என்ற செய்தி, நூற்றுக்கணக்கான கம்பெனிகளைச் சேர்த்து, பல்லாண்டு பார்த்த சராசரி. ஒரு கம்பெனியைக் காட்டி, ஆறு மாதத்தில் இரட்டிப்பு என்று கைப்பேசியில் குறி சொல்பவருக்கும் அந்த ஆராய்ச்சிக்கும் எந்த உறவும் இல்லை.

இரண்டாவது: பாலன்ஸ் ஷீட்டைப் படிக்கப் பழகு. சந்தையில் பதிவான கம்பெனியின் ஆண்டறிக்கையை யாரும் படிக்கலாம்; அதில் இரகசியம் இல்லை. பிற கம்பெனிகளில் வைத்திருக்கும் பங்குகளில் சில, அன்று வாங்கிய விலையிலேயே எழுதப்பட்டிருக்கக்கூடும். இன்றைய மதிப்பு அதைப்போல் பன்மடங்காயிருக்கலாம். போனசுப் பேச்சு வரும்போது, எந்த ஆலையாயினும், “சிறிய ஆலை, நொடித்த ஆலை” என்று நிர்வாகம் சொன்னால், நூலில் நட்டமா, மொத்தத்தில் நட்டமா என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். உண்மையிலேயே நொடித்திருந்தால் அதையும் ஒப்புக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். கோபம் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும்.

மூன்றாவது, யாவற்றிலும் முதன்மையானது: பாக்கி சேரவிடாதே! 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டப்படி கம்பெனி கலைக்கப்பட்டால், கலைப்புச் செலவு நீங்கலாக, தொழிலாளியின் கடைசி 24 மாதப் பாக்கி, ஈடு பெற்ற கடன்காரருக்குச் சமமான வரிசையில் நிற்கும். அதற்கு முந்திய பாக்கி பின்வரிசைக்குப் போய்விடும். பங்குதாரர் கடைசி வரிசை. எனவே, “ஆலை தேறட்டும், பிறகு வாங்கிக்கொள்வோம்” என்று மூன்றாண்டு, நான்காண்டு விட்டுக்கொடுப்பவன், தன் உரிமையையே விட்டுக்கொடுக்கிறான். சேமநிதிப் பணமும் பணிக்கொடை நிதியும் கடன்காரருக்குப் பங்கிடும் சொத்தில் சேரா என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஆனால் நிதி என்று ஒன்று கட்டி வைத்திருந்தால்தானே அந்தக் காவல் முழுமையாகும்? சேமநிதி மாதந்தோறும் கட்டப்படுகிறதா, பணிக்கொடைக்குத் தனி நிதி உண்டா என்று சங்கம் ஆண்டுதோறும் கேட்க வேண்டும். ஆபத்துக்குக் கூலி என்று நாம் கேட்பதில் முதற்படி இதுதான்: வரவேண்டியது வந்துசேரும் என்ற உறுதி.

நான்காவது: சேமநிதி. அதிலிருந்து சந்தைக்குப் போன பணத்தின் பெரும்பகுதி, சென்செக்சு 30, நிஃப்டி 50 என்னும் மிகப் பெரிய கம்பெனிகளின் கூட்டத்திலேயே போடப்பட்டது. மும்பைச் சந்தையில் பதிவான கம்பெனிகளோ 5,000க்கு மேல். சிற்றூர் ஆலையில் உழைத்தவன் சேமிப்பு, பேரூர்க் கம்பெனிக்கு மூலதனமாகிறது. “அப்படியானால் அந்தப் பணத்தைச் சிறு ஆலைகளில் போடு என்கிறீர்களா?” என்று கேட்டால், இல்லை என்போம். வேலையே கடைமடையில் இருப்பவனுடைய முதுமைக்காலச் சோற்றையும் கடைமடையில் கட்டி வைப்பது நியாயமன்று. தலைமடையிலேயே இருக்கட்டும். ஆனால் எங்கே போடப்பட்டது, என்ன ஈட்டியது, விழுந்த ஆண்டில் யார் தாங்குவது என்பது பணத்துக்குரியவனுக்கு விளங்கும் தமிழில் சொல்லப்பட வேண்டும். சிறு ஆலைக்கு மூலதனம் வேண்டுமென்றால், மந்த காலத்தைத் தாங்கவல்ல அரசு வங்கிகளும், பெரும் பணம் படைத்த நிதிகளும் தரட்டும். பொறுத்திருந்து ஆதாயமும் பெறட்டும். அவர்களால் காத்திருக்க முடியும்.

தோழர்களே! சிறிய ஆலை வாழ வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. இராஜபாளையத்துக் கதிரும், சத்திரப்பட்டியின் கட்டுத்துணித் தறியும், திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா அடுப்பும் ஓய்ந்தால் இந்த வட்டாரம் ஓய்ந்துவிடும். சிறியதை மலிவாக மதிக்கும் சந்தை ஒரு நாள் மனம் மாறி விலையை ஏற்றலாம், காத்திருந்தவர் மகிழலாம். அந்நாள் வரை ஆலையை ஓட்டிக்கொண்டிருந்தவர் யார்? சங்கு ஊதியதும் உள்ளே போனவர். அறுந்த இழையை முடிந்தவர். விலை ஏறும் நாளில் அவரையும் நினைக்க வேண்டும். விலை இறங்கும் நாளில் அவரைத்தான் முதலில் காக்க வேண்டும்.

காப்பது பிறர் கையில் மட்டும் இல்லை. கணக்கைப் படித்த சங்கம், பாக்கியை எண்ணிப் பார்க்கும் உறுப்பினர், ஆண்டறிக்கையைப் புரட்டும் செயலாளர் – இவர்கள் இருக்கும் ஆலையில், ஆபத்து வந்தாலும் அநீதி வராது. அடுத்த சம்பள நாளன்று சம்பளச் சீட்டை மடித்துப் பையில் போடுமுன் ஒருமுறை வாசியுங்கள். சேமநிதிக்குப் பிடித்த தொகை அதில் இருக்கும். அது கணக்கில் ஏறிற்றா என்று அன்றைக்கே கேளுங்கள். தொடக்கம் அதுவாக இருக்கட்டும்.